ஐ.பி., மஞ்சக் கடுதாசி, வங்குரோத்து... 'பேங்க்ரப்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இத்தாலி பெஞ்ச்!

"சீட்டு பிடிச்சவர் ஐ.பி. கொடுத்துட்டாராம்!" இரும்புலியூர், தாம்பரம் பக்கம் ஒரு தெருவில் இந்தப் பேச்சு கிளம்பினால் போதும், பணம் கட்டியவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அப்படி என்றால் என்ன? கட்டிய பணம் அவ்வளவுதானா?

ஒரே விஷயம், பல பெயர்

ஐ.பி. என்பது 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்பதன் சுருக்கம். கடனை அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் போடும் மனு. சட்டத் தமிழில் 'நொடிப்பு நிலை', பேச்சு வழக்கில் 'மஞ்சக் கடுதாசி'. 'திவால்' என்ற சொல் 'திவாலா'வில் இருந்து வந்தது. இந்தி, உருது பேசுபவர்கள் சொல்வது அது.

உடைந்த பெஞ்ச்

ஆங்கிலத்தின் 'பேங்க்ரப்ட்' இத்தாலியில் இருந்து கிளம்பியது. அங்கே 'பாங்கா' என்றால் பெஞ்ச், 'ரோட்டா' என்றால் உடைந்தது. அந்தக் காலத்தில் பணம் மாற்றித் தருபவர்கள் சந்தையில் பெஞ்ச் போட்டுத்தான் தொழில் செய்தார்கள். 'பேங்க்' என்ற பெயரும் அதே பெஞ்சில் இருந்து வந்ததுதான்.

கடன் கட்ட முடியாதவரின் பெஞ்சை அடித்து உடைப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தொழில் முறிந்து போனதைத்தான் 'உடைந்தது' என்று சொல்லியிருக்கலாம்.

தமிழுக்கும் வந்தது

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இலங்கை நிறுத்தியபோது, அந்த நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் 'வங்குரோத்து' என்ற சொல் அடிக்கடி அடிபட்டது. அதுவும் அதே பெஞ்ச்தான்! இலங்கைக் கரையோரத்தை ஆண்ட போர்ச்சுகீசியர்கள் 'பாங்கரோட்டா' என்றார்கள், அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 'பாங்க்ரூட்' என்றார்கள்.

ஐ.பி. கொடுத்தால் கடன் போச்சா?

இல்லை. சென்னை மாநகருக்கு 1909-ம் ஆண்டு சட்டம். செங்கல்பட்டு மாவட்டத்தில் வரும் இரும்புலியூர், தாம்பரத்துக்கு 1920-ம் ஆண்டின் மாகாண நொடிப்பு நிலைச் சட்டம். மனு போட்டதும் கடன் மறைந்துவிடாது. கோர்ட் விசாரிக்கும். திவால் என்று அறிவித்தால் அவருடைய சொத்து கோர்ட்டின் பொறுப்புக்குப் போகும். அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஏமாற்றி வாங்கிய கடன் என்றால், கடைசியில் கோர்ட் அவரை விடுவித்தாலும் அந்தக் கடன் தீராது.

நீங்கள் செய்ய வேண்டியது

கோர்ட் நோட்டீஸ் வந்தால் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். பாண்டு, செக், சீட்டு பாஸ்புக் என்று கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய பணத்தை நீங்கள்தான் ஆதாரத்தோடு கோர்ட்டில் காட்ட வேண்டும். காட்டினால்தான் பங்கு.