கரண்டியில் திரிந்த நீர்

சிறுநீரில் புரதம் போகிறது என்று பரிசோதனைச் சீட்டில் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் என்று சொல்லிவிட முடியாது. கடும் காய்ச்சலிலும் அளவுக்கு மீறிய உடலுழைப்புக்குப் பின்னும் சற்றே போய்த் தானாக நின்றுவிடுவது உண்டு. சிறுநீர்ப்பாதைத் தொற்று, நாள்பட்ட சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக வடிகட்டிகளில் வரும் அழற்சி, ஆண்களைவிடப் பெண்களையே பெரிதும் பிடிக்கும் லூபஸ் எனப் பட்டியல் நீளும். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவர்கள் ப்ரீஎக்ளாம்ப்சியா என்றும், தமிழில் முன்சூல்வலிப்பு என்றும் சொல்லும் நோய் அது. இந்தக் கட்டுரை அந்த ஒரு காரணத்தின் வரலாற்றைப் பற்றியது.

நீரின் நுரையைப் பார்த்து நோய் சொல்வது பழைய வழக்கம். ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் தொகுப்பில் அது உண்டு. நம் சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரால் வரும் நீர்க்குறியும் நிறம், எடை, மணம், எஞ்சல் ஆகியவற்றோடு நுரையையும் பார்க்கச் சொல்கிறது. நுரைக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை ஐரோப்பிய மருத்துவத்தில் உறுதியாக நிறுவியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். உடல் வீங்கியவர்களின் நீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் முட்டையின் வெள்ளைக்கரு போல் அது திரிவதையும், இறந்தபின் அவர்களின் சிறுநீரகம் கெட்டிருப்பதையும் 1827-இல் அவர் எழுதினார்.

அதே மருத்துவமனையின் பிரசவ மருத்துவர் ஜான் லீவர், 1843-இல் இந்தச் சோதனையைப் பிள்ளைப்பேற்றில் வலிப்பு கண்ட பெண்களிடம் செய்தார். 10 பேரின் நீரைச் சோதித்ததில் 9 பேருடையது திரிந்தது. பின்னர் 50-க்கும் மேற்பட்ட பெண்களிடம், பிரசவ வலியில் இருக்கும்போதே குழாய் வைத்து நீர் எடுத்துப் பார்த்தார். வலிப்போ அதன் முன்னறிகுறிகளோ இருந்தவர்களைத் தவிர மற்ற யாருக்கும் புரதம் இல்லை. எக்ளாம்ப்சியா என்ற சொல்லுக்கு மின்னல்போல் வெட்டுவது என்று பொருள். திடீரென வருவது, காரணம் அறியாதது என்று எண்ணப்பட்ட நோய் முன்கூட்டியே தடம் விட்டு வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

லீவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. வலியின் நடுவே நீர் கொடுத்த அந்தப் பெண்கள் எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்கள். அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வியே அந்தக் காலத்தில் எழவில்லை. பெண்ணுடலைப் பற்றிய அறிவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்கும்போது, இந்த மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தடம் தெரிந்துவிட்டது, ஆனால் தேடிப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. வலிப்பு வந்தபின் ரத்தம் வடிப்பதே நெடுங்காலம் வைத்தியமாக இருந்தது. வலிப்புக்கு முன்பே, நலமாக நடமாடும் கர்ப்பிணியைச் சந்தித்துச் சோதிப்பது என்ற எண்ணம் 20-ஆம் நூற்றாண்டில்தான் வேர்விட்டது. 1909-இல் பாஸ்டன் நகரில் எலிசபெத் லோவல் புட்னம் என்பவர் முன்னின்று, செவிலியர்கள் கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்று நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் செய்யும் வேலையின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

நீரைக் காய்ச்சிப் பார்க்க அடுப்பும் நேரமும் வேண்டும். அந்தத் தடையை நீக்கியதில் பங்குள்ளவர் ஹெலன் ஃப்ரீ என்ற அமெரிக்க வேதியியலாளர். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட, அறிவியல் படிக்கப் பெண்கள் தேவைப்பட்ட காலத்தில் வேதியியலுக்கு மாறியவர் அவர். கணவர் ஆல்ஃபிரட் ஃப்ரீயுடன் சேர்ந்து, நீரில் தோய்த்து எடுத்தால் நிறம் மாறும் பட்டையை உருவாக்கினார். 1956-இல் சர்க்கரைக்கான பட்டை வந்தது, அதைத் தொடர்ந்து புரதத்துக்கானதும் வந்தது. ஆய்வகம் இல்லாத ஊரிலும் ஒரு செவிலியர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லலாம் என்றானது.

சென்னையும் இந்த வரலாற்றில் இருக்கிறது. வலிப்பு கண்ட தாய்மாரை மருந்துக் கலவையால் அமைதிப்படுத்திக் காக்கும் முறையைப் பற்றி எம்.கே. கிருஷ்ண மேனன் 1961-இல் எழுதினார். பிறகு மெக்னீசியம் சல்ஃபேட் அந்த இடத்தைப் பிடித்தது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, இந்த மலிவான மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று காட்டியது.

அப்படியானால் புரதம் ஏன் கசிகிறது? 2003-இல் ஷாரன் மேனார்ட், அனந்த் கருமாஞ்சி உள்ளிட்டோர் ஒரு விடை தந்தார்கள். நஞ்சுக்கொடி மிகுதியாக விடும் ஒரு புரதம், ரத்தக்குழாய்ச் சுவர்களை நலமாக வைத்திருக்கும் காரணிகளைக் கட்டிப்போடுகிறது. அதனால் அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகிறது. குழந்தையும் நஞ்சும் வெளிவந்த பிறகு பெரும்பாலும் நோய் தணிவது இதனால்தான். ‘சூடு ஏறிவிட்டது’, ‘காத்துக் கருப்பு அடித்துவிட்டது’, ‘அவள் ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்காது’ என்று தாயின் தலையில் கட்டப்பட்ட பழிகளுக்கு இந்த விளக்கத்தில் இடமே இல்லை.

2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது. புரதம் போகாமலும் இந்த நோய் இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறி, தட்டணுக்கள் குறைந்தாலோ, கல்லீரல் அல்லது சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, தீராத தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தாலோ நோய் என்றே கொள்ள வேண்டும். பட்டையின் நிறம் மாறவில்லை என்பதற்காக, ‘தலை வெடிக்குது, கண் மங்குது, மேல்வயிறு வலிக்குது’ என்று ஒருத்தி சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ‘மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்’ என்று வீட்டார் சொல்வதும் பல சமயம் உண்மைதான். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினால் அன்றே அழுத்தமும் நீரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களிலும் இது வரலாம் என்பதால், பிள்ளை பெற்று வீடு திரும்பியவளிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.