இணையத்தில் ஏறிய ஏடுகள்

1990களில் கணிப்பொறி வேலையாகப் பிளெய்ன்ஸ்பரோ வட்டாரத்தில் குடியேறிய தமிழன்பர்கள் இணையத்தில் தமிழ் படிக்க முனைந்தால், திரையில் தோன்றியவை பெரும்பாலும் பொருளற்ற குறிகளே. பக்கத்தை ஆக்கியவர் கையாண்ட எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தாக வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி!

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் தமது மயிலை எழுத்துருவை இலவசமாகவே வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். அதன் முதல் நூல் திருக்குறள். பல நாட்டுத் தொண்டர்கள் ஊதியமின்றித் தட்டெழுதித் தேவாரத்தையும் திவ்யப் பிரபந்தத்தையும் ஏற்றினர்.

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தும், அதைக் காட்டும் வசதி விண்டோசில் 2000த்தில்தான் வந்தது. அதுவரை காத்திராமல் தட்டெழுதிய நூல்கள் வீணாகவில்லை. பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டு, இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.