அப்போகலிப்ஸ்: படக்கதை எகிப்தும் வரலாற்று எகிப்தும்

அப்போகலிப்ஸ் என்பவன் மார்வெல் நிறுவனத்தின் படக்கதைகளில் எக்ஸ்-மென் என்னும் மீநாயகர் (சூப்பர் ஹீரோ) குழுவை எதிர்க்கும் வில்லன். பழங்கால எகிப்தில் பிறந்து, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாகச் சாகாமல் வாழ்பவனாகப் படைக்கப்பட்டவன். இக்கதை கற்பனையே. எனினும் அதில் வரும் எகிப்தை உண்மையான எகிப்து என்று எண்ணிவிட இடமுண்டு. ஆகவே கதை சொல்வதையும் வரலாறு சொல்வதையும் பிரித்தறிதல் வேண்டும்.

தோற்றம்

எக்ஸ்-மென் குழுவை ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகிய இருவரும் 1963-இல் உருவாக்கினர். பிறவியிலேயே விந்தையான ஆற்றல் பெற்று, அதனாலேயே சமூகத்தால் ஒதுக்கப்படுவோர் இக்குழுவினர். இவர்களுள் முதல் ஐவரைக் கொண்டு வெளிவந்த எக்ஸ்-ஃபாக்டர் தொடரில், 1986-இல் அப்போகலிப்ஸ் அறிமுகமானான். எழுதியவர் லூயிஸ் சைமன்சன். வரைந்தவர் ஜாக்சன் கைஸ்.

வலியவனே வாழத் தகுந்தவன் என்பது அவனது கொள்கை. மெலியாரையும் காக்க வேண்டும் என்பது எக்ஸ்-மென்னின் கொள்கை. மோதலுக்கு இதுவே அடிப்படை. 2016-இல் பிரையன் சிங்கர் இயக்கிய திரைப்படத்தில், 1983-இல் கெய்ரோவில் துயிலெழும் அவனைப் பேராசிரியர் சேவியரின் மாணவர்கள் ஒன்றுகூடி எதிர்க்கின்றனர். இறுதியில் ஜீன் கிரேயின் ஆற்றலால் அவன் அழிகிறான்.

வில்லனுக்கு எகிப்து ஏன்?

1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டறிந்தார். அகழாய்வுக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் நோயுற்று இறந்தார். அதனை மம்மியின் சாபம் என்று செய்தித்தாள்கள் பரபரப்பாக்கின. கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். ஆயினும் சாபக்கதையே மக்கள் மனத்தில் நின்றது. 1932-இல் தி மம்மி என்னும் திரைப்படம் வந்தது. 1963-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழு, ராமா-துத் என்னும் கற்பனைப் பாரோவுடன் மோதியது. அப்போகலிப்ஸ் இவ்வரிசையில் பின்னர் வந்தவன்.

கதையும் வரலாறும்

பெயர்: இவனது இயற்பெயர் என் சபா நூர். கதையில் இதற்கு 'முதலாமவன்' என்று பொருள் கூறப்படுகிறது. ஆனால் இது அரபு ஒலியுடைய பெயர். அரபியில் 'சபாஹ்' காலையையும் 'நூர்' ஒளியையும் குறிக்கும். எகிப்தில் அரபு மொழி பரவியது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் அரபு வெற்றிக்குப் பின்னரே.

பிரமிடு: திரைப்படம் கி.மு. 3600-இல் மாபெரும் பிரமிடு ஒன்றைக் காட்டுகிறது. மன்னர் ஜோசருக்காகச் சக்காராவில் எழுந்த முதல் பிரமிடு கி.மு. 27-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடைவெளி ஏறத்தாழ 900 ஆண்டுகள்.

நான்கு குதிரைவீரர்: அப்போகலிப்சின் நான்கு தளபதிகள் எகிப்தியப் புராணத்தினர் அல்லர். விவிலியத்தின் கடைசி நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவர்கள்.

இராமநாதபுரமும் எகிப்தும்

எகிப்துடனான உண்மைத் தொடர்புக்கு இராமநாதபுரம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. நயினார்கோவில் அமைந்துள்ள இம்மாவட்டத்தில், வைகை கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள ஊர் அழகன்குளம். அப்போகலிப்ஸ் அறிமுகமான அதே 1986-இல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வு இங்கே தொடங்கியது. ரோமானியக் காசுகளும், மது கொண்டுவந்த சாடிகளின் ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன.

அக்காலத்தில் எகிப்து ரோமப் பேரரசின் மாகாணம். அதன் செங்கடல் துறைமுகங்கள் வழியாகவே இந்திய வணிகம் நடந்தது. அத்துறைமுகங்களுள் ஒன்றான பெரெனிகேயில், கோயில் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்-பிராமியில் உள்ளன. இவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை.

படக்கதை காட்டும் எகிப்து, சாபமும் அழிவும் நிறைந்த நாடு. கணனும் சாதனும் அறிந்த எகிப்து, பருவக்காற்றை நம்பிக் கப்பலேறிச் சென்று மிளகு விற்ற துறைமுகம். மாணவர்கள் முன்னதைச் சுவைத்துப் படிக்கலாம். பின்னதை வரலாறாக அறிந்துகொள்ள வேண்டும்.