இருபது காலடி

முதுமையில் பெரிதும் காணப்படும் நடுக்குவாதம் பற்றி லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய சிறுநூலுக்கு ஆதாரம் ஆறே மனிதர்கள். மூவரை அவர் கண்டது வீதியில்தான்; அவர்களுள் ஒருவரைத் தொலைவிலிருந்து மட்டுமே. பணியாள் எதிரே நின்று தோள்களைப் பற்றி நிலைப்படுத்தியதும் அம்மனிதர் ஓடத் தொடங்குவார். இருபது காலடி ஓடியபின் விழாமல் தாங்குவதற்காகப் பணியாளும் முன்னே ஓடுவார். தாம் கவனிக்கப்படுவதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய எம்பவர் ஆய்வு, ஐபோனைச் சட்டைப்பையில் இட்டு இருபது காலடி நடக்கச் சொன்னது (எண் பொருந்தியது தற்செயலே). கருவிக்குள்ளிருந்த முடுக்கமானி நடையின் அசைவுகளைப் பதிந்தது. இசைந்தோரின் அன்றாட நடமாட்டமும் தானாகவே சேர்ந்தது. தரவு அக்குழுவுக்கு மட்டுமா, உலக ஆய்வாளர் அனைவருக்குமா என்பதைப் பங்கேற்றவரே முடிவுசெய்தார். அந்தக் கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். லண்டன் வீதியில் ஓடியவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவருக்கு முன்னே ஓட ஓர் ஆள் இருந்தார்.