கடைசித் தோட்டா

மண்டியிட்டும் படுத்தும் நின்றும், ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடும் மூன்று நிலை ரைஃபிள் போட்டி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலிருந்து நடந்து வருகிறது. இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. மூன்று நிலைகளில் கடினமானது நிற்பதுதான். படுத்திருப்பவனுக்குத் தரை துணை, மண்டியிட்டவனுக்கு முழங்கால் துணை. நிற்பவனுக்கோ எட்டுக் கிலோ வரை கனக்கும் துப்பாக்கியைத் தாங்கத் தன் எலும்புக்கூட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. தன் நாடித்துடிப்பே அவனுக்கு எதிரி.

நெடுங்காலம் இப்போட்டியில் 'கடைசிச் சுடுதல்' என்ற ஒன்று நாடகமாக இருந்ததில்லை. அவரவர் வேகத்தில் 120 தோட்டாக்களைச் சுட்டு முடித்து எழுந்து செல்வார்கள். யார் வென்றார் என்பதை இலக்குத் தாள்களை எண்ணித்தான் சொல்ல வேண்டும். 1976 மாண்ட்ரியாலில் அமெரிக்கர்களான லானி பாஷமும் மார்கரெட் மர்டாக்கும் ஆளுக்கு 1162 புள்ளிகள் பெற்றார்கள். (அப்போது ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சுட்டார்கள். பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது 1984இல்.) சமநிலையை முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போயிற்று. நாட்டுப்பண் ஒலிக்கையில் அவர் மர்டாக்கைத் தன் படிக்கு ஏற்றி அருகில் நிறுத்திக்கொண்டார். இப்போட்டியின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. ஆனால் அந்த வெற்றியைத் தீர்மானித்த தோட்டா எது என்று எவரும் கண்ணால் பார்க்கவில்லை.

1988 சியோலில் இறுதிச்சுற்று வந்தது. முன்னணி எண்மர் வரிசையாக நின்று மேலும் பத்து முறை சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் தசம அளவில் புள்ளி அறிவிக்கப்படும். பார்வையாளர்களைக் கட்டிப்போடுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதன் விலையை மற்றெவரையும்விட அதிகமாகக் கொடுத்தவர் மாத்யூ எம்மன்ஸ் என்ற அமெரிக்கர்.

ஏதென்ஸ், 2004 ஆகஸ்ட் 22. எம்மன்ஸுக்கு வயது 23. இரண்டு நாட்களுக்கு முன்புதான் படுத்துச் சுடும் போட்டியில், இரவல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, தங்கம் வென்றிருந்தார். அவருடைய சொந்தத் துப்பாக்கியை அவ்வாண்டு யாரோ சேதப்படுத்தியிருந்தார்கள். மூன்று நிலைப் போட்டியின் இறுதிச்சுற்றில் ஒரு தோட்டா மிச்சம். மூன்று புள்ளி முன்னிலை. 7.2 எடுத்தால் போதும், இரண்டாவது தங்கம். சுட்டார். அவருடைய திரையில் எதுவும் பதிவாகவில்லை. கருவிக் கோளாறு என்று எண்ணி நடுவர்களை நோக்கித் திரும்பி, தான் சுட்டுவிட்டதாகச் சைகை காட்டினார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாவது தடத்தில் நின்ற எம்மன்ஸ், மூன்றாவது தடத்தில் நின்ற ஆஸ்திரியரான கிறிஸ்டியன் பிளானரின் இலக்கைச் சுட்டிருந்தார். அந்தத் தோட்டாவின் மதிப்பு 8.1. சொந்த இலக்கில் பட்டிருந்தால் தங்கம். விதிப்படி கிடைத்ததோ பூஜ்யம். எட்டுப் பேரில் எட்டாவது இடம். சீனத்தின் ஜியா ஷான்போ 1264.5 புள்ளிகளுடன் வென்றார். பிளானருக்கு வெண்கலம். ஜியாவின் தங்கத்தை ஏதோ தானமாகக் கிடைத்ததுபோல எழுதுகிறார்கள். 129 தோட்டாக்கள் வரை இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் துரத்திக்கொண்டு வந்தவருக்கு இது அநியாயம்.

பெய்ஜிங், 2008 ஆகஸ்ட் 17. அதே போட்டி, அதே பத்தாவது தோட்டா. இம்முறை முன்னிலை 3.3. தேவை 6.7. விழுந்தது 4.4, மையத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் விலகல். இந்தத் தரத்தில் இப்படிப்பட்ட எண்ணைக் காண்பதே அரிது. சீனத்தின் சியூ ஜியான் 0.1 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். எம்மன்ஸுக்கு நான்காம் இடம்.

அழுத்தம் தாளாமல் நொறுங்கினார் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது பத்திரிகைகளுக்கு எளிதாக இருந்தது. அவர் தந்த விளக்கங்களைப் படித்தால் அப்படி முடிக்க மனம் வருவதில்லை. வழக்கமாக முதலில் இலக்கின் மேலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பு வட்டத்துக்கு இறங்குவார். ஏதென்ஸில் தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே கவனமாக இருந்ததால் எண்ணைப் பார்க்கவில்லை. அதாவது, பதற்றத்தை அடக்கும் முயற்சிதான் அவரைக் கவிழ்த்தது. அடக்கியும் விட்டார், 8.1 என்பது நல்ல கட்டுப்பாட்டில் சுட்ட தோட்டாதான். பெய்ஜிங்கில் குறியை மேலிருந்து இறக்கிவரும்போது, விரல் விசையைத் தொட்ட மாத்திரத்தில் தோட்டா கிளம்பிவிட்டது. ஒன்று கண்ணின் பிழை, மற்றது விரலின் பிழை. ஒரே மனிதருக்கு, ஒரே தோட்டாவில் நேர்ந்தவை என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

ஏதென்ஸ் தோல்விக்குப் பிறகு அவரிடம் ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டுத் துப்பாக்கி வீராங்கனை கடரினா குர்கோவா. 2007இல் இருவரும் மணந்துகொண்டார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தை வென்றவரும் அவரே. குறி தவறியதால் மனைவி கிடைத்தாள் என்று இக்கதையைத் திரைப்பட முடிவுபோலச் சொல்வார்கள். அந்தத் தராசு எனக்கு ஒப்பவில்லை. திருமணம் தோல்விக்கு ஈடாகியிருந்தால், 2008இலும் 2012இலும் அவர் அதே கோட்டில் வந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன?

இடையில், 2010இல், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. லண்டன், 2012 ஆகஸ்ட் 6. இத்தாலியின் நிக்கோலோ காம்ப்ரியானி எட்ட முடியாத தூரத்தில் முன்னே இருந்தார், எம்மன்ஸ் இரண்டாமிடம். பத்தாவது தோட்டா 7.6. தென்கொரியாவின் கிம் ஜோங்-ஹியூன் 10.4 சுட்டு வெள்ளியை எடுத்துக்கொள்ள, எம்மன்ஸுக்கு வெண்கலம். 'பதற்றம்' என்ற சொல் மூன்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பொருந்துமென்றால் இதற்குத்தான் பொருந்தக்கூடும். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இப்போட்டியில் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்ததும் இதில்தான்.

லண்டனுக்குப் பின் விதிகள் மாறின. இறுதிச்சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்கி மூன்று நிலைகளிலும் நடக்கும்படி ஆயிற்று. 2016 ரியோவில் எம்மன்ஸ் இறுதிச்சுற்றுக்கு வரவில்லை. அங்கே கடைசித் தோட்டாவில் காம்ப்ரியானி 9.2 மட்டுமே சுட்டார். முன்னிலையில் இருந்த ரஷ்யாவின் செர்கெய் கமென்ஸ்கி சுட்டது 8.3. தங்கம் 458.8க்கு, வெள்ளி 458.5க்கு.