கற்பரப்பும் வரலாற்றுச் சான்றும்

கோயிற் கட்டடக் கலையை ஆராய்வோர் கல்லின் வகை, அமைப்பு, காலம் ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். அக்கல்லின் மேற்பரப்பு எவ்வாறு முடிக்கப்பெற்றது என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. மேற்பரப்பும் ஓர் ஆவணமே என்பதைத் தமிழகச் சான்றுகள்வழி ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி எடுக்கப்பட்ட கோயில் என மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குறிப்பிடுகிறான். கருங்கல்லைக் கண்ணாடிபோல் மெருகிடும் திறன் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் இருந்தமைக்குப் பீகாரின் பராபர் குடைவரைகள் சான்று. பல்லவர் குடைவரைகளிலோ உளித்தடங்களையே மிகுதியும் காண்கிறோம். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகள், பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடைநின்ற கற்பகுதிகளைத் தகர்த்த முறையைக் காட்டுகின்றன. ஐந்து இரதங்களில் மேற்பகுதி செம்மையுற்றும் அடிப்பகுதி கரடாகவும் நிற்பதால், பணி மேலிருந்து கீழாக நடந்தது புலனாகிறது.

எனினும், உளித்தடம் உள்ள இடமெல்லாம் குறைப்பணி எனக் கொள்ளலாகாது. பொளிந்த பரப்பு சுதையை நன்கு பற்றிக்கொள்ளும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் மணற்கல்மீது சுதை பூசி வண்ணம் தீட்டினர். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் கருங்கற் சுவர்மீது இட்ட சுதையே சோழர் ஓவியத்தைத் தாங்குகிறது. நாயக்கர் காலப் படலத்தின் கீழ் மறைந்திருந்த அவ்வோவியம் 1931இல் வெளிப்பட்டது. அக்கோயிலின் அதிட்டானத்திலோ செம்மையாக்கிய பரப்பில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 மட்டுமே வடிக்கப்பட்டு, எஞ்சிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆக, பரப்பின் முடிப்பு அதன்மீது அமையவிருந்ததைப் பொறுத்தது எனலாம்.

இவ்வுண்மையை உணராத திருப்பணி பேரிழப்பை விளைவிக்கும். 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் தமிழகக் கோயில்கள் சிலவற்றில் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்ற மணல்வீச்சு முறை கையாளப்பட்டது. காற்றழுத்தத்தால் பாயும் மணல் அழுக்கை மட்டும் தேர்ந்து நீக்குவதில்லை. கல்லின் மேற்படலத்தையும் அரிக்கிறது. ஆழமற்ற எழுத்துகள் மழுங்குகின்றன; உளித்தடமும் சுதையின் எச்சமும் மறைகின்றன. படியெடுக்கப்பெற்ற கல்வெட்டின் வாசகமேனும் ஏட்டில் எஞ்சும். உளித்தடத்திற்கோ பெரும்பாலும் படியே இல்லை.

ஆதலின், கோயிலாய்வில் கல்வெட்டு வாசகத்தோடு கற்பரப்பின் நிலையையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. மாணவரைக் கோயில்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சாய்ந்த வெயிலில் சுவரை உற்றுநோக்கப் பயிற்றலாம். உளி சென்ற திசையும் ஆழமும் அவ்வொளியில் தெளிவாகும். பெயர் பொறிக்கப்படாத கற்றச்சரின் உழைப்புக்கு அத்தடங்களே நேர்ச்சான்று.