வெளிச்சவீடுகளும் இருண்ட கரைகளும்

காலியிலிருந்து அம்பாந்தோட்டை வரை தெற்குக் கரையோரச் சாலையிற் செல்பவர் பெரும்பாலும் இரண்டையே கண்டு மீள்வர். ஒன்று மணல் விரிந்த கடற்கரை. மற்றது வானோங்கி நிற்கும் வெளிச்சவீடு. பாடசாலை விடுமுறையில் ஆசிரியர் நால்வராக அவ்வழியே சென்ற நாமும் அவற்றைக் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும், இலக்கியமும் வரலாறும் கற்பிப்போருக்குக் காட்சி மட்டும் போதாது. இவ்விளக்குகளை ஏற்றியவர் யார்? எவருக்காக ஏற்றினர்? அவற்றின் அடியில் வாழ்ந்த மக்களின் கதையை எழுதியவர் யார்? இக்கேள்விகளே வழிநெடுக எம்முடன் வந்தன.

இலங்கையின் மிகப் பழைய வெளிச்சவீட்டு நிலையம் காலியில் 1848இல் அமைந்தது. அக்காலத்தில் காலி, பிரித்தானியரின் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் துறைமுகம். பழைய இரும்புக் கோபுரம் தீக்கிரையான பின், 1939இல் இன்றுள்ள வெண்ணிறக் கோபுரம் எழுந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, கொழும்பிற் கட்டிய அலைதடுப்புச் சுவர் காலியின் வாணிபத்தைப் பறித்துக்கொண்டது. ஏகாதிபத்தியத்தின் தேவை இடம் மாறியதும் துறைமுகத்தின் வாழ்வும் இடம் மாறிற்று. சுமை தூக்கியோரும் தோணி வலித்தோரும் எங்கே போயினர் என்று எந்த விளக்கும் தேடவில்லை.

காலியைக் கடந்தால் கொக்கலை. இங்கேதான் 1890இல் மாட்டின் விக்கிரமசிங்க பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை இவ்வூர் வாவியைக் கடல் விமானத் தளமாக்கியது. 1942 ஏப்ரில் 4ஆம் நாள் யப்பானியக் கடற்படையைக் கண்டறிந்து எச்சரித்த விமானம் இவ்வாவியிலிருந்து சென்றதே. அவ்வெச்சரிக்கையை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. தளம் அமைவதற்காக வீடு வாசலை இழந்து வெளியேறிய கிராமத்தவரைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. எஞ்சிய எழுத்தாளரின் வீடு இன்று அரும்பொருட்சாலையாக நிற்கிறது.

ஊர் அழிந்த அதே காலத்தில்தான், 1944இல், அவருடைய 'கம்பெரலிய' வெளிவந்தது. நிலவுடைமைக் குடும்பமொன்று நொடிந்து வீழ்வதையும், வணிகத்தால் உயர்ந்த புதிய வர்க்கம் அதனிடத்தில் அமர்வதையும் கூறும் நாவல் அது. அந்நாவலின் பியல் ஓர் ஆங்கில ஆசிரியன். குலப்பெருமை பாராட்டும் குடும்பத்தால் புறக்கணிக்கப்பட்டவன். பின்னர் பணம் படைத்து அதே குடும்பத்தில் மணம் செய்கிறான். தொடர்ந்து வந்த 'யுகாந்தய', முதலாளியான தந்தைக்கும் தொழிலாளர் பக்கம் நிற்கும் மகனுக்கும் இடையிலான மோதலைச் சித்திரித்தது. வர்க்க மாற்றத்தைப் பாடநூற் சூத்திரமாகவன்றி, மனிதரின் மூச்சாகவும் கண்ணீராகவும் காட்டியமையே விக்கிரமசிங்கவின் வெற்றி எனலாம்.

'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழிற் தந்தவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ். சிங்கள மக்கள் நடுவே வளர்ந்த முஸ்லிம் தமிழறிஞர் ஒருவர், சிங்கள நாவலொன்றைத் தமிழருக்குக் கொணர்ந்தார். இந்நாட்டின் இலக்கிய வரலாற்றில் இதைவிடப் பொருள்பொதிந்த நிகழ்ச்சிகள் பல இல்லை.

மாத்தறையைத் தாண்டி, தீவின் தென்கோடியான தெவிநுவரையை அடைந்தோம். 1890இல் ஒளிவிடத் தொடங்கிய இங்குள்ள வெளிச்சவீடு 49 மீற்றர் உயரமானது. இலங்கையில் மிக உயர்ந்தது. ஆயின் இக்கரை அதற்கு முன்னும் இருளிற் கிடக்கவில்லை. 1344இல் இங்கு வந்த இபுன் பதூதா, பெருங்கோயிலொன்றையும் வணிகர் நிறைந்த பட்டினத்தையும் கண்டு எழுதினார். 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இக்கோயிலின் பெயரைக் கல்லிற் காத்தது தமிழ். 1911இல் காலியில் மதகொன்றை மூடிக் கிடந்த கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. சீனக் கடற்றளபதி செங் ஹே கொணர்ந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்திற்கும் காணிக்கை கூறுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் மூவர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவு! இச்சமரசத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. 1411இல் அதே கடற்படை இந்நாட்டு ஆட்சியாளனையே சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வந்தன.

சிங்கள நாட்டின் தென்கோடிக் கோயிலுக்குத் தமிழில் ஏன் எழுதினர்? இந்துசமுத்திர வாணிபத்தில் தமிழ் வழங்கிய மொழியாதலின் எழுதினர். இக்கல்லைக் காட்டி நிலத்துக்கு உறுதி எழுதப் புறப்படுவோரும், இதை நினைத்தே கூச்சப்படுவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். கல்வெட்டு காணி உறுதி அன்று. பல மொழியினர் ஒரு துறையிற் கூடி வாழ்ந்தமைக்கு அது சாட்சி. தெவிநுவரையில் இன்றும் சிங்கள மக்கள் விஷ்ணுவை வணங்குவதும் அதற்குச் சாட்சியே.

அம்பாந்தோட்டையில் உப்பளங்கள் வெயிலிற் கண்ணைக் கூசச் செய்தன. முன்னர் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப், 1908 முதல் 1911 வரை இங்கு உதவி அரசாங்க அதிபராக இருந்தார். உப்புச் சேகரிப்பும் வரியும் சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதியும் அவர் கையில் இருந்தன. நாடு திரும்பி, பதவியைத் துறந்து, 1913இல் காட்டுக் கிராமமொன்றின் கதையை நாவலாக வெளியிட்டார். சிலிந்து என்னும் வேட்டைக்காரன், கடனாலும் ஊர்த் தலைவனின் சூழ்ச்சியாலும் விளங்காத சட்டத்தாலும் நசுக்கப்பட்டுக் கொலையாளியாகிறான். ஈற்றிற் கிராமத்தையே காடு விழுங்குகிறது. வழக்கு நடக்கும் மொழி குற்றவாளிக்குப் புரியாத நீதிமன்றத்தை அந்நாவலிற் காண்கிறோம். ஆண்டவர் கூட்டத்தில் ஒருவர் ஆளப்பட்டவன் பக்கம் நின்று பார்த்தமை அரிது. எனினும் சிலிந்து தன் கதையைத் தானே எழுதவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

கிரிந்தைக் கரைக்கு அப்பால், கடல் நடுவிலுள்ள பாறைத்தொடரில் 1873இல் ஒரு வெளிச்சவீடு ஏற்றப்பட்டது. அதன் கற்கள் ஸ்கொத்லாந்தில் வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவை. அப்பாறையருகே 1961இல் ஔரங்கசீப் காலத்து வெள்ளிக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன; ஆதர் சி. கிளாக் அதனை நூலாக்கினார். காசில் மன்னன் பெயர் இருந்தது. கப்பலோடு மூழ்கிய மாலுமிகளின் பெயர் எந்தக் காசிலும் இல்லை.

திரும்பும் வழியிற் பெரலியவில் இறங்கினோம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள், கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கி வந்த புகையிரதத்தை ஆழிப்பேரலை இங்கே புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெளிச்சவீடுகள் அன்றும் நின்றன. கப்பலுக்குப் பாறையைக் காட்டவே கட்டிய அவை, கரையிலுள்ளோருக்கு அலையைக் காட்ட முடியவில்லை. முல்லைத்தீவிலும் கல்முனையிலும் மக்களைக் கொன்றது அதே அலைதான். அது மொழி கேட்டு வரவில்லை.

கரையை நோக்கித் திரும்பிய விளக்கு இலக்கியம் ஒன்றே. ஆயின் அதுவும் ஒரு மொழிக்குள் அடைபட்டால் பாதிக் கரைக்கே ஒளி தரும். எமது மாணவருள் எத்தனை பேர் கொக்கலையை அறிவர்? கொக்கலையின் மாணவருள் எத்தனை பேர் எமது நாவல் ஒன்றையேனும் படித்திருப்பர்? பிறரைக் குறை கூறுமுன் எம் வேலையைச் செய்வோம். வரும் தவணையின் முதற் கிழமையில் 'கிராமப் பிறழ்வு' எமது வகுப்பறைக்கு வருகிறது.